சுத்தியல் யார் கையில்? கோபன்ஹேகன் முதல் பாரிஸ் வரை: கூட்டத் தலைமை பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

ஐ.நா. காலநிலை மாநாட்டில் வாக்கெடுப்பு கிடையாது. 1995இல் பெர்லினில் முதல் மாநாடு கூடியபோது, வாக்களிப்பு பற்றிய 42ஆம் விதியில் மட்டும் நாடுகள் ஒத்துவரவில்லை. (அந்த மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர், அப்போது ஜெர்மனியின் சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த அங்கேலா மெர்க்கல்.) இத்தனை ஆண்டுகள் கடந்தும் அந்த விதி வரைவாகவே கிடக்கிறது. ஆகவே 190க்கும் மேற்பட்ட நாடுகள் எதைத் தீர்மானித்தாலும் ஒருமித்த கருத்தோடுதான் தீர்மானிக்க வேண்டும். ஆனால் ஒருமித்த கருத்து எப்போது உருவாகிவிட்டது என்று அளந்து சொல்ல எந்தக் கருவியும் இல்லை. தலைவர் அவையை ஒருமுறை பார்க்கிறார். மறுப்பு ஏதும் இல்லை என்கிறார். சுத்தியலைத் தட்டுகிறார். தட்டிவிட்டால் முடிந்தது.

இப்படிப்பட்ட அவையில் தலைவர் தன் நாட்டுக்காகப் பேச முடியாது. யாரையும் பணிய வைக்க அவரிடம் அதிகாரம் இல்லை. யாரை எப்போது பேச அழைப்பது, எந்தக் காகிதத்தை மேசையில் வைப்பது, எப்போது தட்டுவது ஆகிய மூன்றும்தான் அவர் கையில் இருக்கின்றன. கூட்டம் நடத்துபவரின் வேலை என்ன என்று கற்றுக்கொள்ள இதைவிடத் தெளிவான இடம் எனக்குத் தெரியவில்லை. அதனால் உடன்பாட்டை ஏற்க முடியாமல் முடிந்த 2009 கோபன்ஹேகன், பாரிஸ் ஒப்பந்தத்தை ஏற்று முடிந்த 2015 பாரிஸ் ஆகிய இரண்டு மாநாடுகளை இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். இடையே நடந்தவற்றுள் மூன்று மாநாடுகளையும் தொட்டுப் போக வேண்டியிருக்கிறது. பாரிஸ் கற்ற பாடம் அங்கேதான் இருக்கிறது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பாரிஸ் வென்றதற்குத் தலைமை மட்டுமே காரணம் இல்லை. 2014 நவம்பரில் அமெரிக்காவும் சீனாவும் கூட்டாக இலக்குகளை அறிவித்திருந்தன. புவியைச் சூடாக்கும் வாயுக்களின் உமிழ்வுக் குறைப்பை மேலிருந்து பங்கிடாமல், ஒவ்வொரு நாடும் தன்னால் முடிந்ததைத் தானே எழுதித் தரலாம் என்ற ஏற்பாடும் வந்துவிட்டது. இவை இல்லாமல் எவ்வளவு நல்ல தலைவராலும் பாரிஸில் எதையும் முடித்திருக்க முடியாது. ஆனால் காலம் கனிந்திருந்தும் கடைசி இரவில் காரியம் கெட்டுப்போவதை இந்த மாநாடுகள் பலமுறை பார்த்திருக்கின்றன. அந்தக் கடைசி இரவு தலைவருடையது.

கோபன்ஹேகன்

2009 டிசம்பர் 7 அன்று தொடங்கிய மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் டென்மார்க்கின் கோனி ஹெடெகார்ட். காலநிலைத் துறை அமைச்சராக இருந்து பேச்சுவார்த்தையை நெடுநாள் தயாரித்தவர். அவருடைய தரப்புக்கும் பிரதமர் அலுவலகத்துக்கும் ஒத்துப்போகவில்லை என்பது பின்னர் வெளிப்படையாகப் பேசப்பட்டது. மண்டபத்தின் நிலைமை வேறு. பெல்லா சென்டரின் கொள்ளளவு சுமார் 15,000 பேர். பதிவு செய்திருந்தவர்களோ 40,000க்கும் மேல். இரண்டாம் வாரத்தில் தொண்டு நிறுவனங்களைச் சேர்ந்தவர்கள் பலர் உள்ளே விடப்படவில்லை.

தொடங்கிய மறுநாளே இடி விழுந்தது. டென்மார்க் தயாரித்து ஒருசில நாடுகளுக்கு மட்டும் காட்டியிருந்த வரைவு ஒன்று லண்டன் நாளிதழான 'கார்டியன்' வழியாக வெளியே வந்தது. 'டேனிஷ் வரைவு' என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. அதில் என்ன எழுதியிருந்தது என்பதைவிட, அது இருந்ததே பெரிய குற்றமாகிவிட்டது. நம் ஊர்ச் சங்கங்களில் தீர்மானப் புத்தகத்தை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு, கூட்டம் தொடங்குமுன் கையெழுத்துக்குச் சுற்றுக்கு விடுவார்கள். அதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கோபம் எளிதில் புரியும். உள்ளே எழுதியிருப்பது நியாயமாகவே இருந்தாலும், 'என்னைக் கேட்காமல் எழுதிவிட்டார்கள்' என்ற எண்ணம் வந்தபின் யாரும் அதைப் படித்துப் பார்ப்பதில்லை. வளரும் நாடுகள் அன்றுமுதல் தலைமை மேசையிலிருந்து வந்த ஒவ்வொரு தாளையும் சந்தேகத்தோடுதான் வாங்கின.

டிசம்பர் 16 அன்று ஹெடெகார்ட் விலகினார். நாட்டுத் தலைவர்கள் வரிசையாக வந்து இறங்குவதால் பிரதமரே தலைமை வகிப்பது பொருத்தம் என்று காரணம் சொல்லப்பட்டது. லார்ஸ் லோக்கே ராஸ்முசன் இருக்கைக்கு வந்தார். நெறிமுறைப்படி பார்த்தால் அது மரியாதை. கூட்டம் நடத்தும் கலைப்படி பார்த்தால் அதைவிடக் கெடுதலான முடிவு இருக்க முடியாது. ஐ.நா. நடைமுறைகள் அவருக்குப் பழக்கமில்லை. எந்த நாட்டுப் பேச்சாளர் உண்மையாகவே எதிர்க்கிறார், எவர் ஊர் பார்க்க எதிர்க்கிறார், எவரைத் தாழ்வாரத்தில் தனியாகப் பார்த்து இரண்டு வார்த்தை பேசினால் போதும் என்பதெல்லாம் மூன்று நாளில் கைவராத அறிவு.

கியோட்டோவோடு ஒப்பிட்டால் இது இன்னும் விளங்கும். 1997இல், வளர்ந்த நாடுகளுக்கு உமிழ்வு வரம்பு விதித்த கியோட்டோ நெறிமுறையை முடித்துக் கொடுத்தவர் அர்ஜென்டினாவின் ராவுல் எஸ்திராதா ஒயுவேலா. அதற்கு முன் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக அதே பேச்சுவார்த்தைக் குழுவை நடத்திவந்தவர். கடைசி இரவு விடியும் நேரத்தில், மொழிபெயர்ப்பாளர்கள் பணிநேரம் முடிந்து கிளம்பிவிட்ட நிலையிலும், அவர் பிரிவு பிரிவாக எடுத்துத் தட்டித் தட்டி முடித்தார். எங்கே வேகமாகப் போகலாம், எங்கே போனால் கவிழும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. வேறு எவரும் அதே வேகத்தில் தட்டியிருந்தால் அவை கலைந்திருக்கும்.

டிசம்பர் 18 இரவு, முப்பதுக்கும் குறைவான நாடுகளின் தலைவர்கள் ஓர் அறையில் உட்கார்ந்து உரையை எழுதினார்கள். அதன் மையமான பகுதி அமெரிக்கா, சீனா, இந்தியா, பிரேசில், தென்னாப்பிரிக்கா ஆகிய ஐந்து நாடுகளுக்கு இடையே முடிவானது. மற்ற நாடுகளின் பேராளர்கள் பொது மண்டபத்தில் காத்துக்கொண்டிருந்தபோதே ஒபாமா செய்தியாளர்களைச் சந்தித்து உடன்பாடு எட்டப்பட்டதாக அறிவித்துவிட்டு ஊருக்குக் கிளம்பிவிட்டார். அவையில் வைக்கப்படாத தாளை, அவையின் முடிவு என்று உலகம் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டது.

அதிகாலை 3 மணியளவில் ராஸ்முசன் அவைக்கு வந்து அந்தத் தாளை வைத்தார். படித்துப் பார்த்து முடிவு சொல்ல ஒரு மணி நேரம் தருவதாகச் சொல்லிவிட்டு எழுந்தார். இந்த ஆய்வில் என் மனத்தை மிகவும் உறுத்தும் இடம் இதுதான். தம் தீவு மூழ்குமா என்ற கேள்வியோடு வந்தவர்களுக்கு, இரண்டு வாரம் தூங்காமல் கிடந்தவர்களுக்கு, அந்த நேரத்தில், ஒரு மணி நேரம்! வெனிசுவேலாவின் கிளாடியா சலேர்னோ பேச வாய்ப்புக் கேட்டு மேசையைத் தட்டித் தட்டிக் கையில் ரத்தம் வந்துவிட்டது. அந்தக் கையை உயர்த்திக் காட்டி, ஓர் இறையாண்மை நாடு தன் குரல் கேட்க ரத்தம் சிந்த வேண்டுமா என்று கேட்டார். பசிபிக் தீவு நாடான துவாலுவின் இயன் ஃப்ரை, எங்கள் மக்களைக் காட்டிக்கொடுக்க முப்பது வெள்ளிக்காசு நீட்டப்படுகிறது என்றார். பொலிவியா, கியூபா, நிகரகுவா, சூடான் எனக் குரல்கள் அடுத்தடுத்து எழுந்தன.

இந்த உரை நிறைவேறாது என்று ராஸ்முசன் கைவிடப்போன நேரத்தில், பிரிட்டனின் எட் மிலிபாண்ட் குறுக்கிட்டு இடைவேளை கேட்டு வாங்கினார். தலைவர் செய்திருக்க வேண்டிய வேலையை உறுப்பினர் ஒருவர் செய்தார். காலையில் பஹாமாஸின் பிலிப் வீச் தலைமை இருக்கையில் அமர்ந்திருந்தார். கோபன்ஹேகன் உடன்பாட்டை மாநாடு 'கவனத்தில் கொள்கிறது' என்று வாசித்துத் தட்டினார். ஏற்கிறது என்று சொல்ல முடியவில்லை.

அந்த உடன்பாட்டில் நல்ல அம்சங்களே இல்லையா என்றால், இருந்தன. வெப்ப உயர்வை 2 டிகிரிக்குள் நிறுத்துவது, வளரும் நாடுகளுக்காக 2020க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் திரட்டுவது ஆகிய இரண்டும் அந்தத் தாளில் இருந்தவைதான். அடுத்த ஆண்டே ஏறக்குறைய அதே விஷயங்களை அதே நாடுகள் ஏற்றுக்கொண்டன. தாள் பெரிதாக மாறவில்லை. அதை மேசைக்குக் கொண்டுவந்த கை மாறியது.

இடைப்பட்ட மூன்று மாநாடுகள்

2010இல் மெக்சிகோவின் கான்குன். தலைவர், வெளியுறவு அமைச்சர் பத்ரீசியா எஸ்பினோசா. அவரும் மெக்சிகோவின் தூதர் லூயிஸ் அல்போன்சோ தே ஆல்பாவும் ஆண்டு முழுவதும் நாடு நாடாகக் கேட்டறிந்தார்கள். மறைத்து வைத்த வரைவு எதுவும் இல்லை என்பதை எஸ்பினோசா சலிக்காமல் திரும்பத் திரும்பச் சொன்னார். ஒவ்வொரு சிக்கலுக்கும் வளர்ந்த நாட்டிலிருந்து ஒருவர், வளரும் நாட்டிலிருந்து ஒருவர் என இரண்டு அமைச்சர்களை அமர்த்தினார். கடைசியில் அவருடைய உரை வெளிவந்தபோது அவை எழுந்து நின்று கைதட்டியது. பொலிவியா மட்டும் உறுதியாக எதிர்த்தது. எதிர்ப்பைக் குறிப்பில் பதிவு செய்வதாகச் சொன்ன எஸ்பினோசா, ஒருமித்த கருத்து என்றால் ஒரு நாடு மற்ற எல்லோரையும் தடுத்து நிறுத்தும் உரிமை என்று பொருளாகாது என்று விளக்கிவிட்டுத் தட்டினார். கோபன்ஹேகனில் இதைச் செய்திருந்தால் கலவரம் ஆகியிருக்கும்.

2011, டர்பன். தென்னாப்பிரிக்காவின் மைட்டே என்கோனா மஷபானே தலைமை. ஊர்ப் பெரியவர்கள் வட்டமாகக் கூடி எல்லோரையும் பேசவிட்டு முடிவுக்கு வரும் 'இன்டாபா' என்ற தம் நாட்டு வழக்கத்தை அவர் மாநாட்டுக்குள் கொண்டுவந்தார். குறித்த நாளைத் தாண்டி ஒன்றரை நாள் இழுத்த கூட்டத்தின் இறுதியில், புதிய ஒப்பந்தத்தின் சட்டத்தன்மை பற்றி ஐரோப்பிய ஒன்றியமும் இந்தியாவும் முட்டிக்கொண்டு நின்றன. ஐரோப்பாவுக்காக நின்றவர், இருக்கையை விட்டு எழ வேண்டியிருந்த அதே ஹெடெகார்ட்! இந்தியாவுக்காக நின்றவர் சென்னையைச் சேர்ந்த ஜெயந்தி நடராஜன், முன்னாள் முதல்வர் பக்தவத்சலத்தின் பேத்தி. வரலாற்றில் உமிழ்ந்தவர்களும் இன்று வறுமையில் இருப்பவர்களும் ஒரே சுமையைத் தூக்க வேண்டுமா என்ற சமநீதிக் கேள்வியை அவர் எழுப்பியபோது அவையில் பலத்த கைதட்டல்.

அப்போது தலைவர் செய்தது எளிய காரியம். கூட்டத்தைக் கலைக்கவில்லை, தனி அறைக்கும் அனுப்பவில்லை. சில நிமிட அவகாசம் கொடுத்து, இரண்டு பெண்களையும் மண்டபத்தின் நடுவிலேயே கூடிப் பேசச் சொன்னார். சுற்றி எல்லா நாட்டுக்காரர்களும் நெருக்கியடித்து நின்று கேட்டார்கள். பிரேசிலின் லூயிஸ் ஆல்பெர்டோ ஃபிகெய்ரெடோ, 'சட்ட வலுவுடன் ஒத்துக்கொள்ளப்பட்ட விளைவு' என்ற சொற்றொடரை முன்வைத்தார். இரு தரப்பும் தலையசைத்தன. பாரிஸுக்கான பாதை அங்கேதான் திறந்தது. சின்னக் குழுவில்தான் பேரம் முடியும் என்பது கோபன்ஹேகனிலும் உண்மை, டர்பனிலும் உண்மை. டர்பனில் அந்தச் சின்னக் குழு எல்லோர் கண் முன்னால் நின்றது.

2012, தோஹா. கத்தாரின் அப்துல்லா பின் ஹமாத் அல் அத்தியா, நேரம் கடந்துகொண்டிருந்த நிலையில் முடிவுகளை மடமடவென்று தட்டி நிறைவேற்றினார். ரஷ்யப் பேராளர் பெயர்ப்பலகையை உயர்த்தி, மேசையைத் தட்டிப் பார்த்தும் பயனில்லை. அவை மகிழ்ந்தது. ஆனால் கணக்குத் தீர்க்கப்பட்டது 2013 ஜூனில், ஜெர்மனியின் பான் நகரில். தோஹாவில் நடந்தது முறையா என்று விவாதிக்க வேண்டும் என ரஷ்யா, உக்ரைன், பெலாரூஸ் மூன்றும் பிடிவாதம் பிடித்ததில், செயலாக்கத்துக்கான துணைக் குழுவால் நிகழ்ச்சி நிரலைக்கூட ஏற்க முடியவில்லை. இரண்டு வாரக் கூட்டம் வீணாகப் போயிற்று.

பாரிஸ்

2015 நவம்பர் 13 பயங்கரவாதத் தாக்குதல்கள் நடந்து மூன்று வாரம்கூட ஆகாத நகரத்தில், நவம்பர் 30 அன்று லெ பூர்ஜேயில் மாநாடு தொடங்கியது. தலைவர் பிரான்ஸின் வெளியுறவு அமைச்சர் லோரான் ஃபாபியூஸ். அவரோடு நின்று நெடுநாள் தரைவேலை பார்த்தவர் தூதர் லோரன்ஸ் துபியானா. அவர்கள் எடுத்த முதல் முடிவு காலண்டர் சம்பந்தப்பட்டது. கோபன்ஹேகனில் நாட்டுத் தலைவர்கள் கடைசியில் வந்து எழுத்தர்களின் வேலையைக் கையில் எடுத்தார்கள். பாரிஸில் சுமார் 150 தலைவர்களை முதல் நாளே வரவழைத்து, பேச வைத்து, வழியனுப்பிவிட்டார்கள். தலைவர்களின் ஆசி மட்டும் மண்டபத்தில் தங்கியது.

அதற்கு முந்தைய மாதம் பானில் நடந்ததையும் சொல்ல வேண்டும். பேச்சுவார்த்தைக் குழுவின் இணைத் தலைவர்களான அமெரிக்காவின் டேனியல் ரைஃப்ஸ்னைடரும் அல்ஜீரியாவின் அகமது ஜோக்லாஃபும் சுருக்கமாக 20 பக்க வரைவு கொண்டுவந்தார்கள். சுருக்கித் தரச் சொன்னவையே நாடுகள்தான். ஆனால் வந்த தாளில் தங்கள் வரிகளைக் காணாமல் வளரும் நாடுகள் கொதித்தன. வளரும் நாடுகளின் கூட்டணியான ஜி-77 குழுவின் சார்பில் பேசிய தென்னாப்பிரிக்கத் தூதர் அதை நிறவெறிக் கால நிலைமையோடு ஒப்பிட்டார். விடுபட்டவை எல்லாம் திரும்ப உள்ளே வர, வரைவு இரண்டு மடங்குக்கு மேல் வீங்கியது. நல்ல எண்ணத்தோடு செய்தாலும், பிறர் வரியை அவர் கண்ணெதிரே இல்லாமல் வெட்டினால் அந்த வரி இரட்டிப்பாகத் திரும்பி வரும்.

ஃபாபியூஸ் இதைக் கவனித்திருந்தார். டிசம்பர் 5 அன்று அவர் கைக்கு வந்தது 48 பக்கம், சுமார் 900 அடைப்புக்குறிகள். ஒவ்வொரு அடைப்புக்குறியும் யாரோ ஒருவர் ஒத்துக்கொள்ளாத இடம். டிசம்பர் 9இல் அது 29 பக்கம். மறுநாள் 27. இந்தச் சுருக்கம் பானில் நடந்த சுருக்கத்திலிருந்து வேறுபட்டது. பிரான்ஸுக்கெனத் தனி வரைவு இல்லை என்று அவர் தொடக்கம் முதலே சொல்லிவந்தார். எல்லா நாடுகளும் பங்கேற்கக்கூடிய 'பாரிஸ் குழு'வுக்குத் தாமே தலைமை ஏற்றார். கான்குனிலிருந்து இரட்டை அமைச்சர் முறையை எடுத்துக்கொண்டார். பணக்கார நாடு, ஏழை நாடு என்ற பொறுப்புப் பங்கீட்டை, எல்லாவற்றிலும் கடினமான முடிச்சை, பிரேசிலின் இசபெல்லா டெய்ஷேராவிடமும் சிங்கப்பூரின் விவியன் பாலகிருஷ்ணனிடமும் ஒப்படைத்தார். டர்பனிலிருந்து இன்டாபாவை எடுத்துக்கொண்டார். அதில் உட்காருபவர்கள் தங்களால் எதை ஏற்க முடியாது என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்ளாமல், எதிர்த்தரப்பும் ஏற்கும் வாசகத்தை முன்வைக்க வேண்டும் என்று கேட்டார். ஒவ்வொரு வரைவுக்குப் பிறகும் நாடுகள் படிக்கவும் தம் குழுவோடு கலந்து பேசவும் நேரம் விட்டார்.

இதில் புதிதாகக் கண்டுபிடித்தது ஒன்றும் இல்லை. முன்னால் இருந்தவர்கள் எங்கே நிமிர்ந்தார்கள், எங்கே விழுந்தார்கள் என்று உட்கார்ந்து படித்த ஒரு தலைமை அது. அந்த அடக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

டிசம்பர் 12, சனிக்கிழமை. மதியம் இறுதி உரை வெளியானது. மாலை கூட வேண்டிய அவை கூடவில்லை. நான்காம் பிரிவில் வளர்ந்த நாடுகளின் உமிழ்வுக் குறைப்பு பற்றிய வரியில், முந்தைய வரைவுகளில் ஆங்கிலத்தில் 'ஷுட்' (should) என்று இருந்த இடத்தில் 'ஷல்' (shall) என்று வந்திருந்தது. செய்வது தகும் என்பது, செய்தே ஆக வேண்டும் என்று மாறிவிட்டது. அப்படியே போனால் அமெரிக்க அரசு அதைச் செனட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே அது தோற்பது உறுதி. மண்டபத்தில் நாடு நாடாகப் போய்ப் பேசினார்கள். கடைசியில் மாநாட்டுச் செயலகத்தின் ரிச்சர்ட் கின்லி, எழுத்துப்பிழைத் திருத்தங்களை வரிசையாக வாசித்தபோது, அந்தச் சொல்லும் அவற்றுள் ஒன்றாக வாசிக்கப்பட்டது. அடுத்த சில நிமிடங்களில் ஃபாபியூஸ் அவையைப் பார்த்தார், மறுப்பு எதுவும் கேட்கவில்லை என்றார், கையிலிருந்த சின்னப் பச்சைச் சுத்தியலைத் தட்டினார். மாலை மணி 7.26.

நிகரகுவாவின் பால் ஓகிஸ்ட் அதற்கு முன்பே பேச விரும்பினார். அவருக்கு வாய்ப்புத் தரப்பட்டது தட்டிய பிறகுதான்.

தட்டும் உரிமை எங்கிருந்து வருகிறது

பாரிஸைப் பாராட்டுபவர்கள் அந்தக் கடைசி அரை மணி நேரத்தை விரைந்து தாண்டிவிடுகிறார்கள். எனக்கு அது சங்கடமாகவே இருக்கிறது. வல்லரசின் சிக்கல் எழுத்துப்பிழையாகத் திருத்தப்பட்டது. சிறிய நாட்டின் எதிர்ப்பு, முடிவுக்குப் பின் நிகழ்த்தப்பட்ட உரையாயிற்று. தோஹாவில் அத்தியா செய்ததற்கும் இதற்கும் கைவேலையில் பெரிய வேறுபாடு இல்லை. கான்குனில் எஸ்பினோசா செய்ததும் ஏறக்குறைய இதேதான்.

பிறகு ஏன் ஒன்று பழிவாங்கப்பட்டது, மற்றவை நிலைத்தன? எதிர்த்த நாட்டின் பலம் ஒரு காரணம்; ரஷ்யாவால் இரண்டு வாரத்தை முடக்க முடியும், நிகரகுவாவால் முடியாது. இதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் மற்றொரு காரணமும் உண்டு, அதுதான் தலைமை வகிப்பவர் கையில் உள்ளது. எஸ்பினோசாவும் ஃபாபியூஸும் தட்டியபோது, மற்ற நாடுகள் ஒவ்வொன்றும் அந்தத் தாளில் தன் வரி எங்கே இருக்கிறது, எந்த வரியை விட்டுக்கொடுத்து எதைப் பெற்றோம் என்று அறிந்திருந்தன. அதனால் எதிர்த்தவர் பக்கம் போய் நிற்க யாருக்கும் தேவை இருக்கவில்லை. கோபன்ஹேகனில் எதிர்த்தவை சில நாடுகள்தான். ஆனால் அவர்கள் எழுந்தபோது, பேசாமல் உட்கார்ந்திருந்த பல நாடுகளுக்கும் உள்ளுக்குள் அதே காயம் இருந்தது. ராஸ்முசன் அங்கே எதிர்த்தவர்களை எண்ணிக்கொண்டிருந்தார். எண்ண வேண்டியது மௌனமாக இருந்தவர்களை.

எந்தக் கூட்டத்திலும் தலைமை வகிப்பவர் இதைச் சோதித்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது: முடிவை எதிர்த்தவரைவிட, எதிர்க்காமல் இருந்தவர் வெளியே போய் அதைத் தன் ஆட்களிடம் எப்படிச் சொல்வார் என்று. 'நாங்கள் முடிவு செய்தோம்' என்று சொல்வாரா, 'அவர்கள் முடிவு செய்தார்கள்' என்று சொல்வாரா? முதல் விடை வரும் என்று நம்பிக்கை இல்லாதபோது, முடிவை ஒரு மணி நேரம் தள்ளிவைப்பது தோல்வி ஆகாது. டர்பனில் ஒன்றரை நாள் தள்ளிப்போனது.

பாரிஸ் ஒப்பந்தம் 2016 நவம்பர் 4 அன்று, ஓராண்டுக்குள், நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தம் போதாது என்று சொல்லி வெளியே நின்ற நிகரகுவா 2017 அக்டோபரில் அதில் சேர்ந்தது. உலகின் வெப்பம் அதன் பிறகும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. போதாது என்று ஓகிஸ்ட் அன்று சொன்னது சரியாகவே இருந்தது. அந்த உரையைத் தட்டுவதற்கு முன்னால் கேட்டிருந்தாலும் பாரிஸ் கவிழ்ந்திருக்காது என்பது என் கருத்து.